தொட்டால் நில்

ராகலை பஜாரில், தையல் கடைக்கு மேலே,
மாதம் நாலாயிரம் வாடகை அறையில்
நானும் ஜெனிட்டாவும் ஒரு மலை செய்தோம்.

எங்கள் இருவருக்கும் கோட் எழுதத் தெரியாது.
தெரியாமலே செய்யலாம் என்றது அந்த மென்பொருள்.
பெட்டியை இழு, பெட்டிக்குள் போடு.
'இது நடந்தால்' இடப்பக்கம்,
'அது நடக்கட்டும்' வலப்பக்கம்.
பதினெட்டு வளைவு.
கொழுந்து மூட்டைகளோடு ஒரு லொறி.
மூட்டை சிந்தாமல், கொழுந்து அவியுமுன்
ஸ்டோருக்குப் போய்ச் சேரவேண்டும்.
அவ்வளவுதான் விளையாட்டு.

படமெல்லாம் ஜெனிட்டா வரைந்தாள்:
கவ்வாத்து வெட்டிய மலை ஒன்று, வெட்டாத மலை ஒன்று.
ஹோர்ன் சத்தம் மச்சான் ஓட்டும் லொறியில் பிடித்தது.
பின்னால் குரைக்கிற நாயும் நிஜ நாய்தான்,
அதை அழிக்க எங்களுக்குத் தெரியவில்லை.

சில்லு ரோட்டில் நிற்பது மட்டும்
எங்கள் வேலை இல்லை.
அது ஒரு ப்ளகின்.
பனிநரி என்ற பெயரில் யாரோ
எந்த நாட்டிலிருந்தோ சும்மா கொடுத்தது.
தொட்டால் நில் என்று நாங்கள் எழுதினோம்.
தொடுவது என்றால் என்னவென்று
அவன் எழுதியிருந்தான்.
அவளாகவும் இருக்கலாம்.

கண்டிக் கண்காட்சிக்கு நாலு நாள் இருக்க
செவ்வாய் இரவு
மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது.
காலையில் திறந்தால்
லொறி ரோட்டுக்குள் இறங்கியது.
மோதவில்லை, கவிழவில்லை,
சேற்றில் புதைகிற மாதிரிகூட இல்லை.
ரோடு இருந்தது. லொறிக்கு அது தெரியவில்லை.
தேயிலை வேருக்கும் கீழே
நாங்கள் வரையாத ஒரு நீலத்துக்குள்
ஹெட்லைட் போட்டபடி
விழுந்துகொண்டே போனது.
ஒரு மூட்டையும் சிந்தாததால்
புள்ளி ஏறிக்கொண்டே இருந்தது.

பனிநரிக்கு எழுதினேன்,
மூன்று இடத்தில் ப்ளீஸ் போட்டு.
அவன் கடைசியாக வந்துபோய் இரண்டு வருஷம்.
கோபம் வந்தது.
யாரிடம் கோபம் என்று யோசித்ததில்
அது பாதி வழியிலேயே இறங்கிக்கொண்டது.
எங்களிடம் சம்பளமா வாங்கினான்?
செத்திருக்கலாம். வேலை கிடைத்திருக்கலாம்.
பிள்ளை பிறந்திருக்கலாம்.

மச்சானிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.
"லொறி கொந்தராத்துக்காரரோடது,
ரோட்டு தோட்டத்தோடது, டயரு லீசிங்குல.
பிரேக்க மிதிக்கிற காலு மட்டுந்தான் நம்மளோடது.
நான் ஓட்டலையா?"

ஓட்டுகிறார்தான்.
ஆனால் அவருடைய ரோடு
ராத்திரியோடு ராத்திரியாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதில்லை.
புதுப்பித்தே பதினோரு வருஷம் ஆகிறது.

வியாழன் மாலை ஜெனிட்டா
தன் பழைய லெப்டொப்பைப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்தாள்.
றீலோட் போடக் காசில்லாமல்
மூன்று வாரமாக அது இணையம் பார்க்கவில்லை.
உலகம் மாறிய செய்தி அதற்கு எட்டவில்லை.
திறந்தோம்.
முதல் வளைவில் லொறி
நான்கு சில்லும் ரோட்டில் பதிய
நின்றது.
நாய் குரைத்தது.
வாழ்க்கையில் முதல் தடவையாக
டேட்டா தீர்ந்ததற்கு நன்றி சொன்னோம்.

சனி விடிய பஸ் ஏறினோம்.
மடியில் லெப்டொப்.
ஃபோன் எடுக்கிற ஆட்களையெல்லாம்
ஹொட்ஸ்பொட் போட்டுவிடுவார்களோ என்று
முறைத்தபடி வந்தேன்.

நுவரெலியா தாண்டியதும் ஜெனிட்டா கேட்டாள்:
"பேர் வருகிற இடத்தில் அவனையும் போடணும் இல்லையா?"
போடுவதென்றால் திறக்கணும்.
திறந்தால் மாற்றணும், மாற்றினால் சேமிக்கணும்,
சேமித்தால் என்ன ஆகும் என்று
எங்கள் இருவருக்கும் தெரியாது.
பைக்குள் தேடி ஒரு ஸ்டிக்கர் எடுத்தாள்.
குலுங்குகிற பஸ்ஸில் கோணல் எழுத்தில் எழுதி
மூடியில் ஒட்டினாள்:
மலை, லொறி, நாய் – நாங்கள்.
விழாமல் இருப்பது – பனிநரி.

றம்பொடை வளைவுகளில் மூடுபனி ஏறி வந்தது.
கண்ணாடிக்கு வெளியே
ரோடு தெரியவில்லை எனக்கு.
பஸ்ஸுக்குத் தெரிந்திருந்தது.